கொறங்காட்டுக்குப் பூட்டு

"காடு சாகுதுங்க" என்றார் தெய்வசிகாமணி.

கரட்டம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாருங்க கொல்றது?"

"யாரும் இல்லீங்க. நான் காப்பாத்திட்டு இருக்கறனுங்க."

"அதைத்தான் கேட்டேன்" என்றார் கரட்டம்மா.

வந்தவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எழுந்து போகவில்லை. போவதற்கு வேறு இடமும் இல்லை.

கரட்டம்மா என்பது ஊர் வைத்த பெயர். காங்கயம் பக்கம் ஒரு மொட்டைக் கரடு, சின்னப் பாறைக் குன்று. அதன் அடியில் ஓர் ஓட்டு வீடு. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மானாவாரி நிலம். அங்கே வந்து சேருவதற்கு முன் அவர் என்னவாக இருந்தார் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. டாக்டர் என்றது ஒரு வீடு. காலேஜ் டீச்சர் என்றது இன்னொரு வீடு. புருஷனை விட்டுவிட்டு வந்தவள் என்றது டீக்கடை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அம்மா மூடப் பார்க்கவும் இல்லை. கேட்க வந்தவர்களிடம் ஒன்றிரண்டு வார்த்தை பேசுவார். பல நாள் அதுவும் கிடையாது.

வயது நாற்பத்தைந்துக்குள்தான் இருக்கும். தெய்வசிகாமணிக்கு அறுபது தாண்டிவிட்டது. இருந்தும் அவர்தான் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்து நடத்தியவர் அவர். நூல், சாயம், கப்பல் ஏறும் தேதி என்று முப்பது வருஷம் ஓடினார். ஒரு நாள் கம்பெனியை மகன் நவநீதன் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். வந்தவர் கண்ணில் பட்டது ஒரு கொறங்காடு.

கொறங்காடு என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். உழாமல், விதைக்காமல், மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த நிலம். கீழே கொழுக்கட்டைப் புல், மேலே அங்கங்கே வெள்வேல மரம். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அப்படியே கிடந்த பூமி. அதைச் சுற்றியிருந்த காடுகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு பக்கம் காற்றாலை வந்துவிட்டது. ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டின மட்டும் சோலார் தகடு.

இது ஒன்றாவது மிஞ்சட்டும் என்று வாங்கினார். நல்ல மனசுதான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

"வாங்கி என்ன பண்ணினீங்க?"

"கம்பி வேலி போட்டனுங்க. கேட்டு வெச்சுப் பூட்டினனுங்க. ஆடு மாடு எதையும் உள்ள விடலீங்க. ஒரு புல்லைக்கூட ஒருத்தரையும் புடுங்க விடலீங்க."

"அப்பறம்?"

"மொத வருஷம் நீங்க பாத்திருக்கோணும்! இடுப்பு ஒசரம் புல்லுங்க. முயலு, கவுதாரி, என்னென்னமோ குருவி. பேப்பர்காரங்க வந்து போட்டோ புடிச்சுட்டுப் போனாங்க."

"ரெண்டாவது வருஷம்?"

"புல்லு காஞ்சுதுங்க. காஞ்சது அப்படியே நின்னுதுங்க."

"மூணாவது?"

தெய்வசிகாமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நின்னதுக்கு அடியில புதுசா ஒண்ணும் வரலீங்க. காடே சாம்பல் பூத்துக் கெடக்குது. கவுதாரி போயிருச்சு. வெள்வேல மரம் எல்லாம் கெழடுங்க, பேருக்கு ஒரு கன்னு இல்லை. வெதையைப் பொறுக்கி வரிசையா நட்டு, குடம் குடமாத் தண்ணி ஊத்தினேன். ஒண்ணு மொளைக்கலீங்க."

பெற்ற பிள்ளைக்குக்கூட அவர் குடம் சுமந்ததில்லை.

மகன் நவநீதன் கெட்டவன் இல்லை. கணக்குத் தெரிந்தவன், அவ்வளவுதான். "செத்த புல்லுக்குக் காவல் இருக்கறதுக்குச் சோலார்காரனுக்கு விட்டா, கரண்டாச்சும் வருமில்லப்பா" என்றான். பேசிப் பேசி இருவரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். வருகிற கார்த்திகைக்குள் காட்டில் உயிர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் காடு மகன் சொன்னபடி. தெய்வசிகாமணி வாக்குக் கொடுத்துவிட்டார். சொன்ன சொல் தவறாதவர் என்று திருப்பூரில் பெயர் எடுத்தவர் அவர்.

இப்போது மாசி.

"நான் என்ன பண்ணோணும், நீங்கதான் சொல்லோணும்" என்றார்.

கரட்டம்மா கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

*

திரும்பி வரும்போது கையில் ஒரு சட்டி இருந்தது. சட்டி நிறையக் கம்மஞ்சோறு. ஆவி பறந்தது.

"இதைக் காப்பாத்துங்க" என்று அவர் முன்னால் வைத்தார்.

"எதுக்கிட்ட இருந்துங்க?"

"உங்களுக்குத் தெரியாததுங்களா?"

தெய்வசிகாமணிக்குக் காவல் புதிது இல்லை. சட்டியை வேப்பமரத்து நிழலில் வைத்துப் பக்கத்தில் ஒரு குச்சியோடு உட்கார்ந்தார். காக்கை வந்தது, விரட்டினார். எறும்பு சாரி வைத்தது, சட்டியைச் சுற்றிச் சாம்பல் கோடு போட்டார். தெருநாய் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனது.

வெயில் ஏறிய நேரத்தில், அந்த வழியாகப் போன ஒருவன் நின்றான். பசிக்கிறது என்றான்.

"இது அம்மா குடுத்ததப்பா. தொடப்படாது."

அவன் சட்டியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், போய்விட்டான்.

அவருக்குச் சாப்பாடு வீட்டுக்குள்ளிருந்து வந்தது. படுக்க ஒரு பாய் கிடைத்தது. பாயைச் சட்டியின் பக்கத்திலேயே விரித்துக்கொண்டார். இரண்டு நாள் இப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் மூடியைத் திறந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, கெட்டுப் போச்சுங்க."

"காக்கா கொத்திருச்சுங்களா?"

"இல்லீங்க."

"நாய் வாய் வெச்சிருச்சுங்களா?"

"கிட்டவே விடலீங்க."

"அப்ப யாரு தின்னாங்க?"

"யாருமே தின்னலீங்க."

"அப்படீங்களா" என்று சொல்லிவிட்டு, அம்மா துணி மூட்டையோடு கிணற்றடிக்குப் போனார்.

*

தெய்வசிகாமணி புத்திசாலி. புத்திசாலிகளுக்கு ஒரு கஷ்டம் உண்டு. பாதி கேட்டதுமே முழுதும் புரிந்துவிடும்.

அவருக்குப் புரிந்துவிட்டது. பூட்டி வைத்ததுதான் தப்பு! ஊருக்கே திறந்து விட வேண்டும்!

அன்றைக்கே வாட்ஸ்அப்பில் செய்தி போட்டார். "நமது வனத்துக்கு வாருங்கள். ஞாயிறுதோறும் கதவு திறந்திருக்கும்." திருப்பூரில் அவருக்கு ஆள் பழக்கத்துக்குக் குறைவா? ஞாயிற்றுக்கிழமை கார்கள் வரிசையாக வந்தன. குழந்தைகள் ஓடினார்கள். பெரியவர்கள் மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆக்ஸிஜன் நன்றாக இருக்கிறது என்றார்கள். பொழுது சாய்ந்ததும் போய்விட்டார்கள். அடுத்த ஞாயிறும் வந்தார்கள்.

பங்குனி பிறப்பதற்குள் தெய்வசிகாமணி ஒரு கோணிப்பையோடு கரட்டடிக்கு வந்து சேர்ந்தார். பையை அவிழ்த்துக் கொட்டினார். பிரியாணிப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், யாரோ ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு.

கரட்டம்மா அந்தச் செருப்பை எடுத்துத் தூசி தட்டித் தனியாக வைத்தார்.

"விருந்து எப்படீங்க?"

"எல்லாரும் வந்தாங்க."

"தின்னாங்களா?"

"தின்னது அவங்க கொண்டாந்ததைங்க." தெய்வசிகாமணி தலையைக் குனிந்துகொண்டார். "என் காட்டை யாரும் தின்னலீங்க."

அம்மா சிரித்துவிட்டார். கெக்கலி கொட்டுகிற சிரிப்பு இல்லை. வாய்விட்ட, நல்ல சிரிப்பு.

"கல்யாண மண்டபத்துக்கு முகூர்த்தம் முடிஞ்சு போனவரு மாதிரி நிக்கறீங்களே" என்றார். "உக்காருங்க, மோர் கொண்டாறேன்."

மோரோடு கூடவே இன்னொன்றும் வந்தது. பழுப்பு நிறத்தில் காய்ந்து வளைந்த ஒரு காய். வெள்வேலங்காய்.

"தின்னுங்க."

"இதையாங்க?"

"ஆமாங்க."

குரு சொன்னால் தட்டலாமா? தெய்வசிகாமணி வாயில் போட்டுக் கடித்தார். தோல் துவர்த்தது. உள்ளே விதை கல்லாக இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்திக் கடித்தார். கீழ்வரிசையில் கட்டியிருந்த பல் ஆட்டம் கண்டது. அவசரமாகக் கையில் துப்பினார்.

"முடியலீங்க."

"ஏனுங்க?"

"எனக்குப் பல்லு பத்தாதுங்க."

"வவுறு?"

"அதுவும் பத்தாதுங்க."

"பத்தறவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார் அம்மா.

தெய்வசிகாமணி கையிலிருந்த விதையையே பார்த்துக்கொண்டிருந்தார். இது அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை. அவரும் வெள்ளாமைக் குடும்பத்தில் பிறந்தவர்தான். கோடையில் உதிரும் காயைச் செம்மறி தின்னும். ராத்திரி பட்டியில் அடைத்தால் புழுக்கையோடு விதை விழும். கல்லாக இருந்த விதை, ஆட்டின் வயிற்றுச் சூட்டில் இளகி, மழைக்கு அங்கேயே முளைக்கும். ஆடு கடித்த புல்தான் மறுபடியும் தூர் விடும். சின்ன வயதில் கண்ணால் பார்த்தது. தெரிந்ததை மறப்பதற்குப் பட்டணத்தில் முப்பது வருஷம் போதும்.

"ஆடுங்க!" என்று துள்ளி எழுந்தார். "ஆடு வேணுமுங்க!"

"ம்."

"நாளைக்கே சந்தையில ஒரு லோடு ஏத்திட்டு வந்தர்றனுங்க."

அம்மா மோர் டம்ளரை எடுத்துக்கொண்டார்.

"முன்னால அங்க மேஞ்ச ஆடுக என்னாச்சுங்க?"

தெய்வசிகாமணி நின்றார்.

"இருந்துதுங்க. பழைய சொந்தக்காரர்கிட்ட மேய்ச்சலுக்கு எடுத்து, ஒரு ஆட்டுக்காரம்மா ஓட்டிட்டு வரும்."

"பேரு?"

"தெரியலீங்க."

"நீங்க பூட்டின அன்னைக்கு என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க. வந்து கேட்டுக்கு வெளிய நின்னாங்க. ஆடெல்லாம் பின்னால கத்திட்டு நின்னுது. இனி இது காடும்மா, ஆடு வரப்படாதுன்னேன். கொஞ்ச நேரம் நின்னுட்டு ஓட்டிட்டுப் போயிட்டாங்க."

"எங்க?"

அந்தக் காட்டில் வந்து இறங்கும் குருவிகள் ஒவ்வொன்றின் பெயரும் தெய்வசிகாமணிக்குத் தெரியும். ஊர்ப் பெயரும் தெரியும், புத்தகத்தில் போட்டிருக்கும் பெயரும் தெரியும். எந்தக் குருவி எந்த மாதம் எங்கே போகிறது என்றும் தெரியும்.

அவருக்கு வெட்கமாக இருந்தது.

*

தேடுவது ஒன்றும் பெரிய பாடாக இல்லை. காட்டை ஒட்டிய ஊரில் முதல் வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.

"மாராத்தாளைக் கேக்கறீங்களா? ஆட்டை வித்துட்டுத் திருப்பூர் போயிட்டாளுங்களே. பனியன் கம்பெனியில வேலை."

"எந்தக் கம்பெனி?"

சொன்ன பெயரைக் கேட்டு அவர் மறுபடியும் கேட்டார். அதே பெயரைத்தான் திரும்பவும் சொன்னார்கள். கம்பெனி வாசலில் அந்தப் பெயரை எழுதி வைத்தவரே அவர்தான்.

தையல் முடிந்த பனியன்கள் மலையாகக் குவிந்திருந்த மேஜை. சுற்றிலும் பெண்கள் நின்று பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். கையில் சின்னக் கத்தரி. நூல் நூலாக வெட்டி வெட்டிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். மகனைப் பார்க்க வரும்போதெல்லாம் அவர் அந்த மேஜையைக் கடந்து போனதுண்டு.

டீ நேரத்தில் மாராத்தாளைக் கூப்பிட்டார்கள். ஐம்பது வயது. தலைமுடியிலும் புடவையிலும் பஞ்சுத் துகள். பெரிய முதலாளி கூப்பிடுகிறார் என்றதும் என்ன தப்புச் செய்தோமோ என்று பயந்து வந்து நின்றார்.

"உக்காருங்கம்மா."

"பரவால்லீங்க."

"ஆட்டையெல்லாம் என்ன பண்ணினீங்க?"

மாராத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. பயம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது வேறொன்று.

"வித்துட்டனுங்க. கேட்டுப் பூட்டினீங்களே, அதுக்கு மறுவாரமே. கட்டி வெச்சுத் தீனி போட நமக்கு எங்கீங்க முடியும்? நாலஞ்சு உருப்படி மட்டும் எங்கக்காகிட்ட விட்டிருக்கறேன்."

"சந்தையிலயா வித்தீங்க?"

"ஆமாங்க. கயித்தைக் கையில குடுத்துட்டுத் திரும்பிப் பாக்காம வந்துட்டேன். பாத்தா கத்துமுங்க. கத்தினா எனக்கு நடக்க வராது."

கூடத்தில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"தப்புப் பண்ணிட்டனுங்க" என்றார் தெய்வசிகாமணி. "திரும்பி வாங்க. கேட்டைத் திறந்து விட்டர்றேன்."

"திறந்த கேட்டைப் பூட்ட முடியாதுங்களா?"

"நான் பூட்ட மாட்டனுங்க."

"நீங்க பூட்ட மாட்டீங்க, சரி." மாராத்தாள் கத்தரியை விரலில் மாட்டிக்கொண்டார். "ஆடுன்னா இன்னைக்கு வாங்கி நாளைக்கு விக்கற சாமானம் இல்லீங்களே. குட்டி தாயாகி, தாய் கெழவியாகி, வருஷக்கணக்கா வர்ற சங்கதி. உங்களுக்கு அப்பறம் உங்க மகன் பூட்டினா, நான் மறுக்காவும் சந்தைக்குப் போகோணுமாக்கும்?"

மணி அடித்தது. மாராத்தாள் கும்பிட்டுவிட்டு மேஜைக்குப் போனார்.

*

"வரமாட்டேங்கறாங்க" என்றார் தெய்வசிகாமணி.

"வரமாட்டேன்னா சொன்னாங்க?" என்று கேட்டார் கரட்டம்மா.

"இல்லீங்க. உங்களுக்கு அப்பறம் என்னன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காட்டை மேய்க்கக் குடுத்துட்டேன், நம்புங்கன்னு சொல்லலாம்னு பாத்தேன். அதுக்குள்ள மணி அடிச்சிருச்சு."

"உங்க துண்டைக் குடுங்க."

தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். அம்மா பிடித்துக்கொண்டார்.

"இது யாருதுங்க?"

"உங்களுதுங்க."

"எப்ப எனக்காச்சு?"

"நான் குடுத்தப்பங்க."

"திருப்பிக் கேப்பீங்களா?"

"மாட்டனுங்க. சத்தியமா மாட்டேன்."

"அப்பறம் எதுக்குங்க இழுக்கறீங்க?"

தெய்வசிகாமணி குனிந்து பார்த்தார். துண்டின் ஒரு நுனி அவருடைய கையில்தான் இருந்தது. இறுக்கிப் பிடித்திருந்தார்.

*

அந்த வாரமே பத்திர ஆபீசுக்குப் போனார். காடு யார் பெயரில் இருந்தாலும், யார் வாங்கினாலும், யார் விற்றாலும், அதில் மேய்க்கும் உரிமை மாராத்தாளுக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும். உழக்கூடாது, கட்டடம் கட்டக்கூடாது, தகடு போடக்கூடாது. கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மகனிடம் சொன்னார். முன்னால் சொன்னால் எங்கே மனசு மாறிவிடுமோ என்று அவருக்குப் பயம்.

நவநீதன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"கார்த்திகை வரைக்கும்னு எங்கிட்டச் சொன்னீங்கப்பா."

"ஆமா."

"கார்த்திகையிலும் வெறுங்காடாவே கெடந்தா?"

"கெடந்தாலும் அது அவங்க மேய்க்கற காடுதான்."

"அப்ப எனக்குக் குடுத்த வாக்கு?"

தெய்வசிகாமணி மகனுக்குக் கொடுத்த வாக்கை வாழ்க்கையில் முதல் தடவையாக மீறியிருக்கிறார். அது அவருக்குத் தெரியும், நன்றாகவே வலித்தது. அன்றிலிருந்து நவநீதன் அப்பாவிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டான்.

மனசு தாங்காமல் கரட்டடிக்குப் போனார்.

"முளைக்குமுங்களா அம்மா?"

"தெரியாதுங்க."

"என்னங்க இப்படிச் சொல்றீங்க? நீங்க குருவாச்சே!"

"அது நீங்களா வெச்சுக்கிட்டதுங்க" என்றார் கரட்டம்மா. "மழைக்கு நான் குரு இல்லையே."

*

வைகாசியில் மாராத்தாள் வந்தார்.

அக்கா வீட்டில் விட்டிருந்த உருப்படிகளோடு, அக்காவின் ஆடுகளும் சேர்ந்து வந்தன. வெள்வேலங்காய் உதிர்ந்து கிடந்த காலம். ஆடுகள் மரத்துக்கு மரம் ஓடின. மாராத்தாள் காட்டின் நடுவில் மூங்கில் படல்களைக் கட்டிப் பட்டி போட்டார். சில நாள் கழித்துப் படல்களைப் பிடுங்கிப் பக்கத்து இடத்தில் நட்டார். அங்கிருந்து இன்னொரு இடம்.

தெய்வசிகாமணி ஒரு தடவை போய்ப் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம்.

மூன்று வருஷம் அவர் பொத்திப் பொத்தி வைத்த புல்லை ஆடுகள் குறுக்கும் நெடுக்குமாக மிதித்துத் துவைத்திருந்தன. நின்ற சருகெல்லாம் சாய்ந்து நொறுங்கிக் கிடந்தது. பட்டி போட்ட இடம் ஒவ்வொன்றும் மொட்டை அடித்தாற்போலக் கட்டாந்தரை. காற்று அடித்தால் புழுதி. அவர் பாதி பார்த்ததிலேயே காரைக் கரட்டடிக்குத் திருப்பச் சொல்லிவிட்டார்.

"பாத்தீங்களா?" என்று கேட்டார் கரட்டம்மா.

"இருந்ததும் போச்சுங்க."

"இருந்துதுங்களா?"

அம்மா அவருக்கும் ஒரு கொத்துக் கீரையைத் தள்ளினார். இருவருமாக உட்கார்ந்து உருவினார்கள்.

ஆனி போயிற்று. ஆடி போயிற்று; காற்று மட்டும் அடித்தது. ஆவணியில் ஒரு தூறல், மண்வாசனைக்கு மட்டும். புரட்டாசியில் எதுவும் இல்லை. தெய்வசிகாமணி தினமும் மேலே பார்ப்பதும் கீழே பார்ப்பதுமாக இருந்தார். ஐப்பசி நடுவில் ஒரு மத்தியானம் கருமேகம் கூடி இறங்கியது. விட்டு விட்டு நாலைந்து மழை. பெருமழை என்று சொல்ல முடியாது, ஏமாற்றவும் இல்லை.

கார்த்திகை பிறந்தது. போவதற்கு அவருக்குக் கால் வரவில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு நாள் காலையில் டிரைவரைக்கூடக் கூப்பிடாமல் பஸ் ஏறிப் போனார்.

மாராத்தாள் தூரத்தில் ஆடுகளை ஓட்டிக்கொண்டிருந்தார். பிசிறு மேஜைக்குப் பக்கத்தில் பயந்து நின்ற பெண் இவர்தானா என்று நினைக்கும்படி, ஒரு சத்தம் கொடுத்தால் மொத்த மந்தையும் திரும்பியது.

புல் வந்திருந்தது. எங்கும் இல்லை; அங்கங்கே, திட்டுத் திட்டாக, பச்சையாக. தெய்வசிகாமணி அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போல நடந்தார். புல்லை நம்பி ஏமாந்தவர் அவர். முதல் வருஷமும் புல் வந்ததுதானே. அவர் தேடியது கன்று. ஒரே ஒரு வெள்வேலங்கன்று இருந்தால் போதும். மரங்கள் கிழடுதட்டிக்கொண்டே போகின்றன. அடுத்த தலைமுறை இல்லாவிட்டால் காடும் இல்லை.

தாம் முன்பு வரிசையாக விதை நட்டுத் தண்ணீர் ஊற்றிய இடத்துக்கு நேராகப் போனார். குனிந்து, ஒவ்வொரு குழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றும் இல்லை. கடைசிக் குழியையும் விரலால் கிளறிப் பார்த்தார். அதிலும் இல்லை.

நிமிர்ந்தார். கண் கலங்கிவிட்டது. நவநீதனிடம் என்ன சொல்வது? சொல்வதற்கு அவன்தான் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லையே.

மாராத்தாளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று, மேடு பள்ளம் பார்க்காமல், காட்டின் குறுக்கே நடந்தார். கோடையில் பட்டி போட்டுப் போட்டுக் கட்டாந்தரையாகிக் கிடந்த இடத்தின் நடுவுக்கு வந்திருப்பார்.

"ஏனுங்க!" என்று அங்கிருந்தே கத்தினார் மாராத்தாள். "அங்கியே நில்லுங்க! நகராதீங்க!"

நின்றுவிட்டார்.

"பாம்புங்களா?"

"கீழ பாருங்க!"

பார்த்தார். ஈர மண். மக்கிய புழுக்கை. வேறொன்றும் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

செருப்புக்குப் பக்கத்தில் ஒரு சிறு பச்சை. விரல் நகம் அகலத்துக்கு, சீப்புச் சீப்பாகப் பிரிந்த இலை.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

இரண்டு செருப்புக்கும் நடுவில் மூன்று. திரும்பிப் பார்த்தார். வந்த வழியெல்லாம் இருந்தன. முன்னால் இருந்தன. புழுக்கை கிடந்த இடமெல்லாம் இருந்தன.

தெய்வசிகாமணி ஒரு காலைத் தூக்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.